மார்பு அசைகிறது, மூச்சு வருகிறதா?

பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவரின் வீட்டார் முதலில் பயப்படுவது மயக்க மருந்தை நினைத்துத்தான். என்டோஸ்கோபிக்கோ, நழுவிய தோள்மூட்டை ஏற்றிவிடுவதற்கோ, அசையாமல் படுக்க மறுக்கும் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கோ போகும்போது அந்தப் பயம் வருவதில்லை. “லேசாகத் தூங்கவைப்போம், ஒன்றும் தெரியாது” என்பார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போவோம். மூச்சை மட்டும் வைத்துப் பார்த்தால் நிலைமை வேறு. முழு மயக்கத்தில் பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இருக்கும், இயந்திரம் காற்றைத் தள்ளும், ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது என்று அதுவே கணக்கு வைக்கும். அதற்கென்றே படித்த ஒருவர் தலைமாட்டை விட்டு நகரமாட்டார். செடேஷன் என்கிற அரைமயக்கத்தில் அந்தக் குழாயும் இல்லை, அந்தக் கணக்கும் இல்லை. மூச்சை மந்தப்படுத்தும் மருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க, நோயாளி தானாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிறிய மயக்கத்துக்குச் சிறிய கண்காணிப்பு போதும் என்ற எண்ணம் எனக்கு ஒப்பவில்லை. மூச்சைப் பொறுத்தவரை இங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த மருந்துகள் இரண்டு இடங்களில் கைவைக்கின்றன. முதல் இடம் மூளையின் அடித்தண்டு. மூச்சை இயக்கும் நரம்பணுக்கள் அங்கே இருக்கின்றன; ரத்தத்தில் கரியமில வாயு சற்று ஏறினாலும் அவை மூச்சை ஆழப்படுத்தி, வேகப்படுத்தி அதை வெளியேற்றிவிடும். நாம் மூச்சை அடக்கிப் பார்க்கும்போது “இனி தாங்காது” என்று உடல் முட்டுவதும் பெரும்பாலும் கரியமில வாயு ஏறியதால்தான். ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகள் இந்த உணர்வை மழுங்கடிக்கின்றன. வாயு ஏறுகிறது, மூளை பதறுவதில்லை. தூங்கவைக்கும் மருந்துகளான மிடசோலம், புரொப்போஃபால் ஆகியவையும் தத்தம் அளவில் இதைச் செய்கின்றன. மிடசோலத்தையும் ஃபென்டனிலையும் சேர்த்துக் கொடுக்கும்போது மூச்சின் மேல் விழும் அடி, இரண்டின் தனித்தனி அடிகளைக் கூட்டிவரும் தொகையைவிடப் பெரியது.

இரண்டாவது இடம் தொண்டை. விழித்திருக்கும்போது நாக்கையும் உள்ளண்ணத்தையும் பின்னால் சரியாமல் தாங்கிப் பிடிப்பவை தொண்டைத் தசைகள். அவை தளர்ந்தால் காற்று போகும் வழி குறுகும், குறட்டை கேட்கும். இன்னும் தளர்ந்தால் வழி அடைபடும், குறட்டை நின்றுபோகும். அறையில் சட்டென்று விழும் அந்த அமைதியை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது. வீட்டில் உறங்கும்போது உரக்கக் குறட்டை விடுபவர்கள், உடல் பருத்தவர்கள், கழுத்து குட்டையாகவும் தடித்தும் இருப்பவர்கள் ஆகியோரிடம் இது சீக்கிரம் நடக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் குறட்டையைப் பற்றி வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது; நோயாளிக்குத் தன் குறட்டை தெரியாது.

அமெரிக்க மயக்கவியல் சங்கம் செடேஷனை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் பதற்றம் மட்டும் தணிந்திருக்கும். இரண்டாவதில் கண் சொக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ, லேசாகத் தொட்டாலோ பொருத்தமாகப் பதில் வரும். மூன்றாவதில் திரும்பத்திரும்ப உலுக்கினாலோ வலித்தாலோதான் அசைவு வரும். மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். நான்காவது முழு மயக்கம். காகிதத்தில் தனித்தனிப் படிகள். உடம்பில் ஒரே சரிவு. 80 வயதுப் பாட்டிக்கும் 30 வயது இளைஞருக்கும் ஒரே அளவு மருந்து ஒரே இடத்தில் நிற்காது. நரம்பில் போட்ட மிடசோலம் முழுமையாக வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். “இன்னும் தூங்கவில்லையே” என்று அவசரப்பட்டு அடுத்த டோஸைப் போட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கும். அதனால்தான் இரண்டாம் படிக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு, நோயாளி மூன்றாம் படிக்குச் சரிந்துவிட்டால் அங்கிருந்து மீட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அந்தச் சங்கம். மீட்பதற்கு முன், சரிந்துவிட்டார் என்பது தெரியவேண்டும். அதை எதைக் கொண்டு தெரிந்துகொள்வது?

விரல் கிளிப் இருக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். 2020இல் கொரோனா வந்தபோது ஆக்சிமீட்டர் நம் வீட்டு அலமாரி வரைக்கும் வந்துவிட்டது. 94, 95 என்ற எண்களை அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட காலம் அது. ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அயோயாகி 1974இல் வகுத்த தத்துவம் அதற்குள் இருக்கிறது. ஒரு சிவப்பு ஒளி, ஒரு அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தோல், எலும்பு, சிரைகள் எல்லாம் வழியில் குறுக்கே நின்றாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் நிலை கிடைத்துவிடும் என்பதுதான் அயோயாகி கண்டது. மயக்கவியலை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்கு அது பெரிய காரியம். ஆபரேஷன் தியேட்டர்களில் இருக்கும் கருவி அந்த எண்ணை ஒலியாகவும் சொல்லும். ஆக்சிஜன் இறங்க இறங்க ‘பீப்’ ஒலியின் சுருதியும் இறங்கும். திரும்பிப் பார்க்காமலே காது கண்டுபிடித்துவிடும்.

ஆனால் அது மூச்சை அளக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். மூச்சு நின்றால் மிச்சம் குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம். குறையும், எப்போது என்பதில்தான் சிக்கல். செடேஷன் கொடுக்கும்போது முன்னெச்சரிக்கையாக மூக்கில் ஆக்சிஜன் குழாயும் வைப்பது வழக்கம். அந்தக் குழாய் வந்ததும் விரல் கிளிப்பின் பேச்சுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். மூச்சுவழியில் சேரும் ஈரப்பதத்துக்கு 47ஐக் கழித்தால் 713. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; ஆக, உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 150. நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயுவும் இடம்பிடிக்கிறது. அதன் இயல்பான அழுத்தம் 40, அதை 0.8ஆல் வகுத்து, கிடைக்கும் 50ஐக் கழித்தால் காற்றறையில் ஆக்சிஜன் 100. விரல் கிளிப் 98 காட்டும். இப்போது மருந்தின் வேகத்தில் மூச்சு பாதியாகிவிட்டது என்று வையுங்கள். அது அப்படியே நீடித்தால் கரியமில வாயு 40இலிருந்து 80க்கு ஏறும். 80ஐ 0.8ஆல் வகுத்தால் 100. 150இல் 100 போனால் மிச்சம் 50. விரல் கிளிப் 80களின் தொடக்கத்துக்கு இறங்கி அலாரம் அடிக்கும். அறையிலுள்ள எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெறும் காற்றைச் சுவாசிப்பவரிடம் ஆக்சிமீட்டர் ஓரளவுக்கு மூச்சுக்கும் சாட்சி சொல்கிறது.

அதே நோயாளிக்கு மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் ஆக்சிஜன் கொடுங்கள். உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய 30 சதவீதமாகும். 713இல் 30 சதவீதம் 214. மூச்சு அதேபோலப் பாதியாகி, கரியமில வாயு அதே 80க்கு ஏறியிருந்தாலும், 214இல் 100ஐக் கழித்தால் 114 இருக்கிறது. இயல்பான நிலையைவிட அதிகம்! விரல் கிளிப் 98 காட்டும். சுருதி இறங்காது, அலாரம் அடிக்காது. ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது, ஏறிய கரியமில வாயுவே மேலும் ஒரு மயக்க மருந்தாக வேலை செய்யத் தொடங்குகிறது, மானிட்டரில் எல்லாம் பச்சையாக இருக்கிறது.

மாடித் தொட்டி நிறைந்திருக்கும் வரை மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று குழாயைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆக்சிஜன் கொடுப்பது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தொட்டி நிறைந்திருப்பது நல்லதுதான். வெறும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவரின் மூச்சு நின்றுவிட்டால் ஓரிரு நிமிடத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கத் தொடங்கும். முகமூடியை இறுக்கி வைத்து நுரையீரல் முழுக்க ஆக்சிஜனை நிரப்பிய ஆரோக்கியமான பெரியவரிடம் 8 நிமிடம் வரை தாங்கும். மூக்குக் குழாய் தரும் அவகாசம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். குழந்தைகளிடமும் பருத்த உடம்புக்காரர்களிடமும் இன்னும் சுருங்கும். அவகாசத்தைக் கொடுத்துவிட்டு, அது ஓடத் தொடங்கிவிட்டது என்று சொல்லும் கருவியை வைக்காமலிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேப்னோகிராஃப் என்னும் அந்தக் கருவி மூச்சின் மறுமுனையைப் பார்க்கிறது. நாம் இழுக்கும் காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய இல்லை, 0.04 சதவீதம். விடும் காற்றில் சுமார் 5 சதவீதம். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அகச்சிவப்புக் கதிரின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைக் கரியமில வாயு நன்றாக உறிஞ்சும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் வாயுக்கள் வெப்பக்கதிரை உறிஞ்சுவதை ஆராய்ந்த 1860களிலேயே, மனிதர் விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயுவை இப்படி அளந்து பார்த்துவிட்டார்கள். அது நோயாளியின் தலைமாட்டுக்கு வர நூறாண்டுக்கு மேலாயிற்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மயக்கவியல் மருத்துவரான பாப் ஸ்மால்ஹவுட் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மூச்சை வரைபடமாக எடுத்துச் சேர்த்து, 1975இல் கலெண்டா என்பவரோடு சேர்ந்து ஒரு பெரிய தொகுப்பாக வெளியிட்டார். கேப்னோகிராஃபி மயக்கவியலின் அன்றாடக் கருவியாக முதலில் வேரூன்றிய நாடும் நெதர்லாந்துதான்.

செடேஷனில் இதற்குத் தனிக் குழாய் தொண்டைக்குள் வேண்டியதில்லை. ஆக்சிஜன் கொடுக்கும் அதே மூக்குக் குழாயில் இன்னொரு மெல்லிய வழி இருக்கும். அது விடும் மூச்சிலிருந்து சிறிதளவை உறிஞ்சிக் கருவிக்கு அனுப்பும். வாயால் மூச்சுவிடுபவர்களுக்காக வாய்க்கு முன்னால் ஒரு நாக்குபோல நீண்டிருக்கும் வகையும் உண்டு. திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு அலை. மூச்சை விடத் தொடங்கும்போது முதலில் வருவது தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் சும்மா நின்ற காற்று. அதில் கரியமில வாயு இல்லை, கோடு தரையில் கிடக்கும். அடுத்து நுரையீரலின் ஆழத்திலிருந்து காற்று வர, கோடு செங்குத்தாக ஏறி, மேடாகச் சற்று நீண்டு, முடிவில் உச்சம் தொடும். அந்த உச்சத்து எண் இயல்பாக 35 முதல் 45 வரை. மூச்சை இழுத்ததும் கோடு மறுபடி தரைக்கு விழும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுச் சிறுகுழாய்கள் இறுகினால் அந்தச் செங்குத்து ஏற்றம் சாய்ந்து சுறாவின் துடுப்புபோல ஆகும். மூச்சு நின்றாலோ தொண்டை அடைத்தாலோ அடுத்த மூச்சு வரவேண்டிய நேரத்தில் அலை வராது. விரல் கிளிப் ரத்தம் விரல் நுனிக்கு வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும்; இங்கே சில வினாடிகளில் தெரிந்துவிடும்.

எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இதிலும் இருக்கிறது. ஓபியாய்டு மருந்தில் மூச்சு மெதுவாகும்: நிமிடத்துக்கு 6, 7, அலைகள் உயரமாக, எண் 50, 60 என்று ஏறும். இது எளிதில் புரியும். மிடசோலத்திலும் புரொப்போஃபாலிலும் மூச்சு ஆழம் குறைந்து மேலோட்டமாகலாம். இயல்பாக ஒரு மூச்சில் 500 மில்லி காற்று போகிறது. அதில் 150 மில்லி மூச்சுவழியிலேயே நின்றுவிட, 350 மில்லிதான் பயன்படும் இடத்துக்குச் சேரும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4.2 லிட்டர். மூச்சு 200 மில்லியாகச் சுருங்கி வேகம் 20 ஆனால்? 50 மில்லிதான் உள்ளே சேரும். நிமிடத்துக்கு 1 லிட்டர். வேகத்தை மட்டும் எண்ணுகிறவர் “20, நன்றாக விடுகிறார்” என்று எழுதுவார். ஆழத்துக் காற்று வெளியே வந்துசேராததால் கேப்னோகிராஃபின் உச்ச எண்ணும் 25, 30 என்று குறைவாகக் காட்டும், உள்ளே ரத்தத்தில் வாயு ஏறிக்கொண்டிருந்தாலும். அலை குட்டையாகி, மேடு தேய்ந்து போயிருப்பதைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் இது பிடிபடும். மருந்து கொடுப்பதற்கு முன்பே அந்த நோயாளியின் அலை எப்படி இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் கண்ணுக்குரிய இடம் குறைவதில்லை. தொண்டை அடைத்திருக்கும்போது நோயாளி மூச்சிழுக்க முயன்றுகொண்டுதான் இருப்பார். வயிறு மேலே எழும்பும்போது மார்பு உள்வாங்கும். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் அசைவதுபோலத்தான் இருக்கும். ஈ.சி.ஜி. ஒட்டுகள் வழியே மூச்சை எண்ணும் மானிட்டரும் இப்படித்தான் ஏமாறுகிறது. மார்புக்கூடு அசைவதை அது எண்ணுகிறது, காற்று போவதை அல்ல. என்டோஸ்கோபி அறையில் விளக்கு மங்கியிருக்கும், நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடப்பார், மேலே போர்வை இருக்கும், எல்லோர் கண்ணும் இரைப்பையின் படம் தெரியும் திரையில் இருக்கும். போர்வையைச் சற்று விலக்கி மார்பைப் பார்ப்பதும், வாயருகே புறங்கையை வைத்துக் காற்று படுகிறதா என்று பார்ப்பதும் இன்றைக்கும் பழைய வேலைகள் ஆகிவிடவில்லை.

அலையைப் பார்ப்பதால் நோயாளிக்கு நன்மை கிடைக்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவில் புரொப்போஃபால் பெற்றவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியாயிற்று. எல்லோருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கேப்னோகிராஃப் மாட்டினார்கள். ஆனால் பாதிப் பேருடைய அலை மருத்துவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டது. அலையைப் பார்த்த குழுவில் 25 சதவீதத்தினருக்கு ஆக்சிஜன் இறங்கியது. மறைத்த குழுவில் 42 சதவீதத்தினருக்கு. மூச்சுக் கோளாறு அலையில் தெரிந்து சுமார் ஒரு நிமிடம் கழித்தே ஆக்சிமீட்டர் இறங்கியது. தாடையைத் தூக்கிப் பிடிக்க அந்த ஒரு நிமிடம் தாராளம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் மிதமான, ஆழ்ந்த செடேஷனிலும் விடும் மூச்சின் கரியமில வாயுவைக் கண்காணிக்க வேண்டும் என்று தன் விதியைத் திருத்தி 2011 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மறுபக்கமும் உண்டு. ஆரோக்கியமானவர்களுக்கு லேசான மருந்தில் செய்யும் வழக்கமான என்டோஸ்கோபிகளில் இந்த நன்மை எல்லா ஆய்விலும் தெளிவாகத் தெரியவில்லை. மூக்குக் குழாய் நழுவினாலும் அலாரம் அடிக்கும். அடிக்கடி அடிக்கும் பொய் அலாரத்தை யாராவது ஒருவர் அணைத்துவைப்பார். இந்த இரண்டாவது குறை எனக்குப் பெரியதாகப் படுகிறது. அதற்கு மருந்து கருவியில் இல்லை, அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துவதில் இருக்கிறது. அலாரம் அடித்தால் அவர் முதலில் நோயாளியைப் பார்ப்பார். குழாய் நழுவியிருந்தால் சரிசெய்வார்.

அப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் முழுக்கப் பார்த்த ஒரு வழக்கு இருக்கிறது. 2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்தார். தூக்கத்துக்காக அவருக்கு வீட்டிலேயே புரொப்போஃபால் கொடுக்கப்பட்டிருந்தது, கூடவே மிடசோலத்தின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும். கொடுத்தவர் ஓர் இதய மருத்துவர். அறையில் கேப்னோகிராஃப் இல்லை. விரல் கிளிப் இருந்தது. ஒலிக்கும் அலாரம் இல்லாத வகை, அவ்வப்போது மாட்டி எண்ணைப் பார்ப்பதற்கானது, தொடர்ந்து கண்காணிப்பதற்கானது அல்ல என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் அலுவலர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். மருத்துவர் அறையைவிட்டு வெளியே போயிருந்தார். 2011 நவம்பரில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. புரொப்போஃபாலைக் கொலைகார மருந்துபோலப் பலர் அப்போது பேசினார்கள். உலகமெங்கும் ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேர் அதைப் பெற்று நலமாக எழுந்துபோகிறார்கள். மூச்சு நின்ற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து கவனித்திருந்தால் செய்யவேண்டியது மிக எளிய காரியம்தான்.

அது என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, “மூச்சை நல்லா இழுங்க” என்பதே பல நேரம் போதும். வரவில்லை என்றால் மோவாயைத் தூக்கித் தலையைச் சற்றுப் பின்னால் சாய்ப்பது, இரண்டு கையாலும் கீழ்த்தாடையைக் கோணத்தில் பிடித்து முன்னால் தள்ளுவது. நாக்கு தாடையோடு சேர்ந்து முன்னால் வர, வழி திறக்கும். மருந்தை நிறுத்துவது. அப்போதும் அலை திரும்பவில்லை என்றால் முகமூடியை வைத்து, கையால் அழுத்தும் ஆம்பு பையால் காற்றைக் கொடுப்பது. ஓபியாய்டுக்கு நலோக்சோன், மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில் என்று மாற்று மருந்துகள் உண்டு; புரொப்போஃபாலுக்கு அப்படி ஒன்று இல்லை, அது தானாக இறங்கும் வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கத்தான் வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று அறை தளரும் நேரத்தையும் விட்டுவிடக் கூடாது. என்டோஸ்கோப் உள்ளே இருக்கும்வரை அந்த அசௌகரியமே நோயாளியை மூச்சுவிடத் தூண்டிக்கொண்டிருக்கும். நழுவிய மூட்டை ஏற்றும்வரை வலி தூண்டிக்கொண்டிருக்கும். மூட்டு ஏறியதும் வலி போய்விடும், மருந்து அப்படியே இருக்கும். சற்று முன்பு முனகிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் ஆழ்ந்து போவார். மாற்று மருந்து கொடுத்து எழுப்பியவரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஃப்ளூமசெனில் சீக்கிரம் தீர்ந்துவிடும், மிடசோலம் மிச்சமிருக்கும், எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி சரியலாம். அதனால் மாற்று மருந்து போட்டபின் 2 மணி நேரம் வரை கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் இது வீட்டுக்குப் போகும் வழி வரைக்கும் நீள்கிறது. காரில் குழந்தை இருக்கையில் கட்டி உட்காரவைத்த குழந்தை தூங்கிப்போய்த் தலை முன்னால் தொங்கினால், மோவாய் மார்பில் முட்டி மூச்சுவழி அடைபடும்; அப்படி இறந்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஓட்டுபவரைத் தவிர இன்னொரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவது நல்லது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டுதல்.